மூன்று மாதம் நம் ஊர் தாங்குமா?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் செயற்குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். ஊக்குநர்கள் தங்கள் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டவும்.)

 

இன்று நாம் பேச வேண்டியது ஒரே விஷயம்தான். இந்த ஆண்டு கூட்டமைப்பின் பொது நிதியை எதற்குச் செலவு செய்வது? குழுக்களிலிருந்து வந்திருக்கிற கோரிக்கைகளில் அதிகம் வந்தது, "எங்க ஊருக்கு ஒரு போர் போட்டுக் குடுங்க" என்பதுதான். அதைக் குறை சொல்ல மாட்டோம். காலிக் குடத்தோடு நிற்கிறவளுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் பணத்தில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வியை எல்லோரும் சேர்ந்து கேட்டுப் பார்க்கலாம் என்று செயற்குழுவில் முடிவு செய்தோம். வெளியிலிருந்து லாரி வரவில்லை, கரண்ட் ஒழுங்காக இல்லை, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனவர்களின் சம்பளம் வரவில்லை. இப்படி மூன்று மாதம் ஆனால் நம் ஊர் தாங்குமா? எது முதலில் தீரும்?

"அதெல்லாம் எதுக்கு இப்ப, நல்லாத்தானே போயிட்டிருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு அக்கா சொல்வது காதில் விழுகிறது. நல்லாத்தான் போகிறது. ஆனால் பத்து வருஷத்துக்குள் நம் மாவட்டம் மூன்று தரம் அடி வாங்கியிருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு மாதிரி.

முதலில் வறட்சி. 2016ஆம் வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 60 சதவீதத்துக்கும் மேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அன்றைக்கு மாட்டை விற்றவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று நாங்கள் கேட்கப் போவதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது கொரோனா. 2020 மார்ச் 24ஆம் தேதி இரவு அறிவித்தார்கள், மறுநாள் முதல் ஊரடங்கு. வறட்சி மாதிரி மெல்ல வரவில்லை, ஒரே ராத்திரியில் வந்தது. பெங்களூரில் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போயிருந்த நம்ம ஆட்கள் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக நடந்தே வந்தார்கள். தோட்டத்தில் தக்காளி பழுத்து உதிர்ந்தது, பறித்தால் கொண்டுபோக வண்டி இல்லை. ஒரு பக்கம் காய் அழுகுது, இன்னொரு பக்கம் வீட்டில் எண்ணெய் இல்லை, மாத்திரை இல்லை, கையில் காசு இல்லை. அந்த ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் விலையில்லா ரேஷன் பொருள்களும் வந்ததால் அடுப்பு எரிந்தது. நம் குழுப் பெண்கள் முகக்கவசம் தைத்ததும் அப்போதுதான்.

மூன்றாவது, யாரும் எதிர்பார்க்காத ஒன்று. நமக்குக் கடல் இல்லை, புயல் நம்மை ஒன்றும் செய்யாது என்றுதான் தலைமுறை தலைமுறையாக நினைத்துக் கொண்டிருந்தோம். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. ஏறியது அங்கேயே நிற்காமல் மேற்கே நகர்ந்து வந்து டிசம்பர் 1ஆம் தேதி நம் பக்கம் கொட்டியது. டிசம்பர் 2 காலையில் எடுத்த கணக்குப்படி ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், நம் அரூரில் 33 சென்டிமீட்டர். நம் மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையே சராசரி 85 சென்டிமீட்டர் அளவுதான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரூரில் ஒரே நாளில் இறங்கியது என்றால் யோசித்துப் பாருங்கள். குடிதண்ணிக்கு அலைகிற மாவட்டம் அது. அந்த மழையில் எவ்வளவு நம் ஏரியில் நின்றது, எவ்வளவு ஓடிப்போனது என்பது தனிக் கதை, பின்னால் வருகிறோம்.

இதற்கெல்லாம் முன்னால் தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை. தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவோடு இருந்தது. 1871 மக்கள்தொகைக் கணக்குக்கும் 1881 கணக்குக்கும் நடுவில் சேலம் ஜில்லாவில் மூன்று லட்சம் பேருக்கு மேல் குறைந்து போனார்கள். செத்தவர்கள் பாதி, ஊரைவிட்டுப் போனவர்கள் பாதி என்று எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காலத்திலேயே சேலத்துக்கு ரயில் வந்துவிட்டது. ரயிலில் தானியமும் வந்தது. வாங்கக் காசு இல்லாதவர்கள்தான் செத்தார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு நம் கணக்குக்கு வருவோம்.

முதலில் சோறு.

ஐந்து பேர் உள்ள குடும்பம், ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 400 கிராம் தானியம் என்றால் நாளைக்கு 2 கிலோ. மூன்று மாதத்துக்கு 180 கிலோ. இரண்டு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. நினைத்த அளவுக்குப் பெரிசு இல்லை, இல்லீங்களா? மானாவாரி அரை ஏக்கரில் சுமாரான மழை கிடைத்தாலே 200 கிலோ கேழ்வரகு எதிர்பார்க்கலாம். கூடவே அவரை, துவரை, காராமணி, ஆமணக்கு என்று வரிசைக்கு வரிசை போட்டால் குழம்புக்கும் ஆச்சு. தருமபுரி மண்ணுக்குச் சோறு போடத் தெரியும். கேழ்வரகு, சாமை, கொள்ளு எல்லாம் இங்கே காலம் காலமாக விளைந்தவை. வத்தல்மலையிலும் சித்தேரி மலையிலும் சாமை இன்னும் போகவில்லை. நெல்லுக்குத் தண்ணீர் கேட்கிற மாதிரி இவை கேட்பதில்லை.

வைத்திருக்கவும் லேசு. கேழ்வரகை நன்றாகக் காயவைத்து தொம்பையிலோ டிரம்மிலோ போட்டு மூடிவைத்தால் வருஷக் கணக்கில் கெடாது, பூச்சி லேசில் அண்டாது. அரிசிக்கு அந்த யோக்கியதை கிடையாது. சாமையை மட்டும் உமியோடு வைக்க வேண்டும். குத்தி அரிசியாக்கி வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் வண்டு விழும், சிக்கு வாடை அடிக்கும். அதனால் தேவைக்கு மட்டும் அவ்வப்போது குத்திக்கொள்ள வேண்டும்.

விலையும் முன்பு மாதிரி இல்லை. 2022-23இல் அரசு கேழ்வரகுக்கு வைத்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,578 ரூபாய். 2025-26க்கு அறிவித்தது 4,886 ரூபாய். 2023இல் நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு காலத்தில் களி தின்பதைச் சொல்லிக்காட்டியவர்கள் இப்போது டவுனில் ராகி பிஸ்கட் வாங்குகிறார்கள். சிரிப்பாகத்தான் இருக்கிறது.

அப்படியென்றால் ஏன் நம் வீடுகளில் இரண்டு மூட்டை கேழ்வரகு இல்லை?

இந்தக் கேள்வியைக் குழுக் கூட்டங்களில் கேட்டபோது வந்த பதில்களை அப்படியே சொல்கிறோம். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் காட்டோரத்தில் இருக்கிற அக்காமார் சொன்னது: "பால் புடிக்கிற நேரத்துல யானை வந்துரும், மிச்சத்த பன்னி தின்னுரும்." இது நிஜமான கஷ்டம். மலைக் கிராமத்தில் சொன்னது: "சாமையைக் குத்தறதுக்குள்ள கை போயிரும்." இதுவும் நிஜம். சுயமாக நிற்கும் கிராமம் என்று மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அப்படி நிற்பதற்கு வேண்டிய களையெடுப்பு, அறுப்பு, தட்டுவது, புடைப்பது, திரிப்பது எல்லாம் யார் தலையில் விழும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. மெஷின் இல்லாமல் பழைய காலத்துக்குத் திரும்பிப் போ என்று எந்தப் பெண்ணிடமும் நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஆனால் எல்லா ஊரிலும், நிலம் உள்ளவர்கள் எல்லோரும் சொன்ன பதில் வேறு. தவணை.

நடப்பது என்ன? கார்த்திகை, மார்கழியில் கேழ்வரகு வீட்டுக்கு வருகிறது. வாரா வாரம் தவணை கட்ட வேண்டிய கடன் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. குழுவில் வாங்கிய கடனைச் சொல்லவில்லை, அதற்கு நாம் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். வெளியில் வாங்கிய கடன். வண்டியில் வந்து வாசலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். களத்திலிருந்தே மூட்டை வியாபாரிக்குப் போகிறது. அறுவடை நேரத்து விலை, அவன் சொன்னதுதான் விலை. அதே வீட்டுப் பெண் ஆடி மாதத்தில் கடையில் போய் அதே கேழ்வரகை மாவாகக் காசு கொடுத்து வாங்குகிறாள். ஊரடங்கின்போது, 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்திருந்தது. அந்த விஷயமே தெரியாமல் நகையை வைத்துக் கட்டியவர்கள் நம் குழுக்களிலேயே இருந்தார்கள். தாது வருஷத்தில் ரயிலில் தானியம் வந்தும் ஜனங்கள் செத்தார்கள் என்று சொன்னோமே, அது இதுதான். தானியம் இருக்கிற ஊரில்கூட, கடன் இருக்கிற வீட்டில் தானியம் தங்காது.

நிலமே இல்லாத உறுப்பினர்களை மறந்துவிட்டுப் பேசவில்லை. அவர்கள்தான் நம் குழுக்களில் நிறைய. அவர்களுக்கு அரை ஏக்கர் கணக்கு ஒன்றுக்கும் உதவாது. அதற்குத்தான் தானிய வங்கி என்ற யோசனை. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

இப்போது தண்ணீர். சோற்றை விட இதுதான் நம்மை ஊரைவிட்டுக் கிளப்பும்.

காவிரி நம் மாவட்டத்தின் ஓரத்தில்தான் ஒகேனக்கல்லில் விழுகிறது. உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. ஆனால் ஆறு பள்ளத்தில், நம் ஊர்கள் மேட்டில். ஆற்றுத் தண்ணீர் தானாக நம் ஏரிக்கு வராது, ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். நிலத்தடியில் எடுத்தால் ஃபுளோரைடு. பல் மஞ்சளாகி, பழுப்பாகி, பிறகு முட்டி பிடித்து, முதுகு மடங்காமல், நாற்பது வயதில் அறுபது மாதிரி நடக்கிறவர்களை நம் ஒவ்வொரு ஊரிலும் பார்த்திருக்கிறோம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் குடிக்கக் கூடாது என்பது அளவு. அதற்காகத்தான் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் போட்டார்கள். 2013 மே மாதம் திறந்தார்கள். நம் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் அது பெரிய காரியம். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் பல்லைப் பாருங்கள்.

ஆனால் நம் கேள்வியை மறந்துவிடாதீர்கள். கரண்ட் இல்லை என்றால்? பைப் உடைந்தால்? வெள்ளத்தில் மோட்டார் நின்றால்? ஒகேனக்கல் தண்ணீர் நாலு நாள் வராவிட்டால் என்ன செய்கிறோம்? பழைய போர்த் தண்ணியைத்தான் திரும்பக் குடிக்கிறோம். அதை "நல்லா கொதிக்க வெச்சுதான் குடிக்கறோம்" என்று பெருமையாகச் சொல்கிற சகோதரிகள் இருக்கிறீர்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உண்மை. ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். இதை ஊர் ஊராகச் சொல்லுங்கள்.

இங்கேதான் போர் போடும் கோரிக்கைக்கு வருகிறோம். எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று போகிறோம். நிலத்தடி நீரை அளவுக்கு மேல் எடுக்கிற பகுதிகளின் பட்டியலில் நம் ஒன்றியங்கள் பல இருக்கின்றன. ஆழம் போகப் போக தண்ணீர் கிடைக்குமா என்பது ஒரு சூதாட்டம், கிடைத்த தண்ணீர் குடிக்கிற தண்ணீரா என்பது இன்னொரு சூதாட்டம். நம் பாறையில் ஆழத்துத் தண்ணீரில் பெரும்பாலும் ஃபுளோரைடு அதிகம். பக்கத்து ஊரில் நாம் ஒன்று போட்டால் இந்த ஊர் கிணறு வற்றும். அதுவும் கரண்ட் இருந்தால்தான் ஓடும். நம் கேள்வியே கரண்ட் இல்லாத காலத்தைப் பற்றித்தான்.

வானத்திலிருந்து வருகிற தண்ணீரில் ஃபுளோரைடு கிடையாது. ஒரு சதுர மீட்டர் கூரை மேல் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். அரசு வீட்டுத் திட்டத்தில் கட்டும் 25 சதுர மீட்டர் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷம் 850 மில்லிமீட்டர் பெய்தால் 21,250 லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 17,000 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 5 லிட்டர் என்று வைத்தால் ஐந்து பேருக்கு நாளைக்கு 25 லிட்டர். 3,000 லிட்டர் பிடிக்கிற ஒரு தொட்டி இருந்தால் 120 நாள் தாங்கும். நாலு மாதம். ஆயிரம் அடி போட்டுக் கிடைக்காத உத்திரவாதம் நம் கூரை மேலேயே இருக்கிறது.

2003இல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவசர அவசரமாகக் குழாய் மாட்டினோம். பல வீட்டில் அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கதையை மறுபடி நடத்தக் கூடாது. முதல் மழையைத் திறந்துவிட்டுக் கூரையைக் கழுவ வேண்டும், கோழி எச்சமும் இலையும் போய்விடும். குழாய் வாயில் சல்லடைத் துணி கட்ட வேண்டும். தொட்டி வாயை இறுக்கமாக மூட வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிட்டு டெங்குவை நாமே வளர்த்த மாதிரி ஆகும். குடிக்கும்போது கொதிக்கவைத்துக் குடிக்கலாம், அல்லது சுகாதார நிலையத்தில் தருகிற குளோரின் மாத்திரையை உறையில் எழுதியிருக்கிற அளவுப்படி போடலாம். ஓலைக்கூரை வீட்டுக்காரர்களுக்கு இது சரிப்படாது. அவர்களுக்குப் பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம் போன்ற பொதுக் கட்டடத்தின் மாடித் தண்ணீரைப் பிடித்து ஊர்த் தொட்டியில் வைப்பதுதான் வழி. ஊராட்சியோடு பேச வேண்டும், தனியாக முடியாது.

தண்ணீரைப் பரிசோதிப்பதும் நம்மால் முடிகிற வேலை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி வைத்து ஃபுளோரைடு பார்க்கச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு உண்டு. நம் ஊரில் அந்த ஐந்து பேர் யார், பெட்டி எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். எந்தக் கைபம்பு குடிக்க ஆகும், எது துவைக்க மட்டும் என்று பெயிண்டில் எழுதி வைத்தாலே போதும், நெருக்கடி வரும்போது குழப்பம் இருக்காது.

ஏரி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 33 சென்டிமீட்டர் மழை ஓடிப்போனதற்குக் காரணம் ஏரி தூர்ந்ததும், வரத்துக் கால்வாயில் சீமைக் கருவேல முள் மண்டியதும், சில இடங்களில் கால்வாயையே வயலாக்கிக் கொண்டதும். காவிரி உபரி நீரை நம் ஏரிகளுக்கு ஏற்றிக் கொண்டுவர வேண்டும் என்று இந்த மாவட்டத்தில் நீண்ட காலமாகக் கேட்கிறோம். கேட்பதை விட வேண்டாம். ஆனால் அந்தத் தண்ணீர் வருகிற நாளில் அதைப் பிடித்துவைக்க ஏரி இருக்க வேண்டும். கால்வாயை ஆக்கிரமித்தவர் யார் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், பல நேரம் நம் சொந்தக்காரராகவே இருப்பார். அதனால்தான் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறோம். விறகுக்கு நமக்குப் பஞ்சமில்லை. கேஸ் தீர்ந்தால் எரிக்க ஒரு மண் அடுப்பு வீட்டில் இருக்கட்டும், இடித்துவிடாதீர்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பதினைந்து நாள் மாத்திரையாவது எப்போதும் கையிருப்பில் வைக்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள், ஆனால் ரோடு துண்டிக்கப்பட்டால் அவர்களும் வர முடியாது. ஆதார், ரேஷன் அட்டை, குழுப் பாஸ்புக், பட்டா எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரத்தில் வையுங்கள். ஃபெஞ்சல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், காகிதம் நனைந்தால் நிவாரணம் வாங்க எத்தனை நடை நடக்க வேண்டும் என்று சொல்வார்கள். மலை மேல் இருக்கிற ஊர்களின் நிலை தனி. தேர்தலுக்கு ஓட்டு மெஷினைக் கழுதை மேல் ஏற்றிக் கோட்டூர் மலைக்குக் கொண்டுபோனதைப் பேப்பரில் போட்டோவோடு போட்டார்கள். அந்த மாதிரி ஊர்களில் நிறைமாதக் கர்ப்பிணியைத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே கீழே கொண்டுவந்து தங்கவைப்பதை ஊர்ப் பழக்கமாகவே ஆக்க வேண்டும். தங்க இடம் கொடுக்கக் கீழ் ஊர்க் குழுக்கள் முன்வர வேண்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. எந்த ஊரும் முழுக்கத் தனியாக நிற்க முடியாது. உப்பு நமக்கு விளையாது. மாத்திரை விளையாது. மலை ஊருக்குக் கீழ் ஊர் வேண்டும், அரூருக்கு மழை கொட்டுகிற நாளில் பென்னாகரம் காய்ந்துகூட இருக்கலாம். "எங்க ஊரை நாங்க பாத்துக்கறோம்" என்று வேலி போட்டுக்கொள்கிற ஏற்பாடு நமக்கு வேண்டாம். அதற்குத்தானே கூட்டமைப்பு வைத்திருக்கிறோம்.

முன்மாதிரி இருக்கிறதா என்று கேட்பீர்கள். தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம், நம்மைப் போலவே வறண்ட பூமி. டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்போடு சேர்ந்த பெண்கள் சங்கங்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், 1990களிலேயே தரிசாகக் கிடந்த நிலத்தில் சோளம் விளைவித்து, ஊரிலேயே சேமித்து, ஊரில் ஏழைக் குடும்பம் எது என்று ஊரே உட்கார்ந்து முடிவு செய்து, அவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். தனி ரேஷன் கடை மாதிரி. 2019இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது அவர்களுக்குக் கிடைத்தது. 2020 ஊரடங்கில் அந்தப் பெண்கள் வாங்குகிற இடத்தில் இல்லை, தானியம் கொடுக்கிற இடத்தில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் மகளிர் குழு முதன்முதலில் தொடங்கியது 1989இல் நம் தருமபுரியில்தான். அவர்களால் முடிந்தது நமக்குப் புதிதில்லை.

ஆகவே செயற்குழுவின் யோசனை இது. இந்த ஆண்டு நிதியில் போர் வேண்டாம். நிதியை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பங்கு மழைநீர்த் தொட்டிக்கு உள்கடனாக, குறைந்த வட்டியில், ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்களுக்கு முதலில். இன்னொரு பங்கு தானிய வங்கிக்கு. அறுவடை நேரத்தில், வியாபாரி வருகிற அதே நேரத்தில், கூட்டமைப்பே உறுப்பினரிடம் கேழ்வரகை ஆதரவு விலைக்குக் குறையாமல் வாங்கி ஊரிலேயே வைக்கும். தவணைக்குக் காசு கிடைக்கும், தானியமும் ஊரைவிட்டுப் போகாது. ஆடி, ஆவணியில் உறுப்பினர்களுக்கே, நிலமில்லாதவர்களுக்கு முதல் உரிமையோடு, வாங்கிய விலையில் சுமையும் சேதாரமும் மட்டும் சேர்த்துக் கொடுக்கலாம்.

இதில் ஓட்டை இருக்கிறது என்று எங்களுக்கும் தெரியும். தானியமாகக் கடன் கொடுத்தால் வறட்சி வருஷத்தில் ஒருத்தரும் திருப்பிக் கட்ட முடியாது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் பொய்க்கும். அதனால் அந்த வருஷம் வசூல் கிடையாது என்று முன்பே எழுதி வைக்க வேண்டும். விதைத் தானியத்தைத் தனி டிரம்மில் பூட்டி, அதை எந்தக் காரணத்துக்கும் சாப்பாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. சாவி இரண்டு, இரண்டு வேறு குழுக்களிடம். எடை போடும்போது மூன்று பேர் இருக்க வேண்டும். ஒரே தெருவில் வைத்தால் மற்றத் தெருப் பெண்கள் வந்து வாங்கத் தயங்குவார்கள், இதையும் வெளிப்படையாகவே பேசுவோம். பொதுக் கட்டடத்தில்தான் வைக்க வேண்டும். யானை வரும் ஊர்களில் கேழ்வரகு போடு என்று கட்டாயப்படுத்தக் கூடாது, அவர்களுக்கு வங்கியிலிருந்து வாங்கும் உரிமை மட்டும் போதும். மலை ஊர்களுக்குத் தானிய வங்கியை விடச் சாமை உடைக்கும் மெஷின்தான் முதலில் தேவை என்று அங்குள்ள குழுக்கள் சொன்னால், அதுவே நடக்கட்டும்.

போர்தான் வேண்டும் என்று நினைக்கிற குழுக்கள் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் உங்கள் ஊரில் ஏற்கெனவே போட்ட போர்கள் எத்தனை, அதில் தண்ணீர் உள்ளது எத்தனை, அந்தத் தண்ணீரைப் பரிசோதித்தீர்களா என்ற மூன்று கேள்விக்கும் பதிலோடு வர வேண்டும்.

ஒவ்வொரு குழுவும் அடுத்த இரண்டு கூட்டங்களில் கீழ்க்கண்டவற்றை எழுதி முடிக்க வேண்டுகிறோம். குழுவில் எத்தனை வீட்டில் இன்று எத்தனை கிலோ தானியம் இருக்கிறது. எத்தனை வீட்டில் ஒகேனக்கல் தண்ணீர் நின்றால் வேறு வழி இல்லை. வாரத் தவணை உள்ள வீடுகள் எத்தனை, தொகை எவ்வளவு. பெயர் எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தனியாக இருக்கிற முதியவர்கள், கர்ப்பிணிகள் எத்தனை பேர். எழுதப் படிக்கச் சிரமப்படுகிற குழுக்கள் சங்கக் கணக்காளரிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம். தாளை அடுத்த பொதுக்குழுவுக்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சிக் கூட்டமைப்புப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடவும். அன்று காலை கொண்டுவந்தால் சேர்த்துக் கணக்குப் போட நேரம் இருக்காது. மலைக் கிராமக் குழுக்கள் மட்டும் சந்தை நாளில் கொடுத்தனுப்பினால் போதும், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.